சம்மட்டியைக் கீழே போடுங்கள்

ஜீப் ரிம்மை டயர் இல்லாமல் வெறுமனே பார்த்தவர்கள் குறைவு. இரண்டு ஓரமும் உயர்ந்திருக்கும், நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். டயரைக் கையால் கழற்றவும் மாட்டவும் முடியவேண்டும் என்பதற்காகவே அந்தப் பள்ளத்தை வைத்திருக்கிறார்கள். அது எதற்கென்று தெரியாததால்தான் மலைத் தோட்டங்களில் சம்மட்டியும் கடப்பாரையுமாக டயரைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறோம். அடிக்கிற ஆளை நான் குறை சொல்லவில்லை. அடிக்கச் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஃபோன் பார்க்கிற வண்டிச் சொந்தக்காரரோடுதான் எனக்குப் பேச்சு.

நான் தாண்டிக்குடிக்கு அந்தப்புறம் காபியும் மிளகும் வைத்திருக்கிறவள். ஊடே கொஞ்சம் மலைவாழை. வீட்டில் ஒரு பழைய மகிந்திரா ஜீப்பும் ஒரு பவர் டில்லரும் நிற்கின்றன. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, பெரும்பாறை வழியாக ஏறிவரும் தார்ச்சாலையில் டயருக்கு ஒன்றும் ஆகாது. சாலையை விட்டுத் தோட்டப் பாதையில் இறங்கியதும்தான் ஆரம்பம். கூர்க்கல்லைவிட எனக்குப் பயம் கவாத்து செய்த காபிச் செடியின் அடிக்கட்டையிடம்தான். சாய்வாக வெட்டிவிட்ட கட்டை புல்லுக்குள் ஒளிந்திருந்து டயரின் பக்கவாட்டைக் குத்தும். ஸ்டெப்னி இருக்கிறதே என்பார்கள். ஒரு குத்துக்கு ஸ்டெப்னி சரி. அடுத்த குத்துக்கு? டில்லருக்கு அதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து வழி அடைபட்டுப்போனால் கீழே இருக்கும் பஞ்சர் கடை இருந்தும் இல்லாததுதான்.

டயரின் உள்விளிம்பில், ரப்பருக்குள்ளே, கெட்டியான இரும்புக் கம்பிகளாலான ஒரு வளையம் இருக்கிறது. பீட் என்பார்கள். எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் அது நீளாது. நீண்டால் ஓடுகிற வண்டியிலேயே டயர் கழன்றுவிடும். என் ஜீப்பின் டயர் 6.00-16, டிராக்டர்கள் பலவற்றின் முன்சக்கரத்துக்கும் இதே அளவுதான். இதில் 16 என்பது பீட் உட்காரும் இடத்தின் விட்டம், அங்குலக் கணக்கில். ரிம்மின் ஓரமோ அதைவிட ஒன்றரை அங்குலம் போலப் பெரியது. நீளாத சின்ன வளையம் பெரிய ஓரத்தைத் தாண்டி எப்படி வரும்? கண்ணாடி வளையல் போட்டுப் பழகிய கைக்கு இதற்கு விடை தெரியும். வளையல்காரர் வளையலை இழுப்பதில்லை. சோப்பைத் தடவி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைச் சிறுக்க வைக்கிறார். டயரிலும் அதேதான். பீட்டின் ஒரு பக்கத்தை நடுப்பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வைக் கொண்டுதான் ஓரத்தைத் தாண்டவேண்டும். தளர்வு இல்லாமல் நெம்பினால் கம்பி வளையம் முறியும், அல்லது கடப்பாரை எகிறும். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படி எகிறிய கடப்பாரையில் வேலையாள் ஒருவருக்கு முன்பற்கள் போயின. டயருக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அதைத்தான் முதலில் சொன்னார்கள்.

பள்ளத்தின் கதை பழையது. காற்றடைத்த டயரை டன்லப் 1888-இல் கொண்டுவந்தபோது அது சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. மறுவருடம் பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் ஊரில் மிஷெலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு அப்படியொரு சைக்கிள் பஞ்சராகி வந்தது. பிரித்துச் சரிசெய்ய மூன்று மணி நேரம், பசை காய ஒரு இரவு. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் அவர்களுடைய கழற்றி மாட்டும் டயர். 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்த் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அதில்தான் ஜெயித்தார். இன்று நம் வண்டிகளில் இருக்கிற ஏற்பாடு, அதாவது கம்பி விளிம்பு டயரும் பள்ளம் வைத்த ரிம்மும், இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் 1890-இல் காப்புரிமை வாங்கியது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகாமல் வழியிலேயே ஓட்டுகிறவர் கழற்றிக்கொள்ள வேண்டும் என்ற அவசரம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நம் மாவட்டங்களிலும் இதே தொழில் நடக்கிறது. திருவள்ளூர் பக்கம் தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் ஆலை நிற்கிறது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் பண்ணை வண்டிகளுக்கான டயர்களைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். செய்யத் தெரிந்த ஊரில் கழற்றத் தெரியவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வத்தலக்குண்டுப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர். மெலிந்த ஆள். இரண்டு டயர் லீவர், ஒரு ரப்பர் சுத்தியல், ஒரு சோப்பு டப்பா, அவ்வளவுதான் அவருடைய சொத்து. தினமும் டயர் இறக்குகிறவருக்குத் தோளில் சதையே இல்லையே என்று யோசித்திருக்கிறேன். நான் லீவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: "சேச்சி, இங்கே வரலைன்னா இங்கே தப்பு இல்லை. எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்க." போய்ப் பார்த்தால், பள்ளத்துக்குள் இருக்கவேண்டிய பீட் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. முழங்காலால் அதை மறுபடி பள்ளத்தில் இறக்கியதும் இந்தப் பக்கம் லீவர் தானாகச் சாய்ந்தது. டயர் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

மீதிக் கால்வாசி, பீட்டை முதலில் அசைப்பது. முரண்டு பிடிக்கிற டயர் என்று சொல்வதெல்லாம் இந்தக் கட்டத்தைத்தான். வருடக்கணக்கில் கழற்றாத ரிம்மில் பீட் உட்காரும் திட்டில் துரு வளர்ந்திருக்கும். துரு என்பது இரும்பு தேய்வது மட்டுமில்லை, அது உப்பி இடத்தை அடைக்கவும் செய்யும். செம்மண் சேறு வேறு உள்ளே போய்க் காய்ந்து இறுகியிருக்கும். இந்த இடத்தில்தான் சம்மட்டி வெளியே வருகிறது. அடி ரப்பரில் துள்ளும், இல்லாவிட்டால் ரிம் ஓரத்தில் பட்டு நசுக்கும். நசுங்கிய ஓரம் அடுத்த முறை டியூபைக் கிழிக்கும்.

அவசரப்படாதவர்களுக்கு வழி இருக்கிறது. வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் விட்டுவிடவேண்டும். இறங்கிய மாதிரித் தெரிகிறது என்பது போதாது. துணி சோப்பைக் கெட்டியாகக் கரைத்து, பீட்டும் ரிம்மும் சேர்கிற இடுக்கில் இரண்டு பக்கமும் ஊற்றி இரவு முழுக்க விட்டுவிடலாம். மறுநாள் வெயிலில் போடவேண்டும். எங்கள் மலைக் குளிரில் விடிகாலை ரப்பர் மரக்கட்டையாக விறைத்திருக்கும். காபி காயப்போடும் சிமெண்டுக் களத்தில் உச்சி வெயில் வரை கிடந்தால் பாதி முரண்டு போய்விடும். சித்திரையில் இது சுலபம், மார்கழியில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அப்புறம் ஜாக்கி. ஸ்டெப்னி மாட்டி நிற்கிற ஜீப்பின் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கழற்றிய சக்கரத்தை முன் பம்பருக்கு அடியில் படுக்கப்போடுகிறேன். ரிம் ஓரத்தை ஒட்டினாற்போல் டயரின் மேல் ஒரு சின்னப் பலகைத் துண்டு, அதன்மேல் ஜாக்கி, ஜாக்கியின் தலை பம்பரைத் தாங்கும் சட்டத்தில். ஏற்ற ஏற்ற ஜீப் எழும்பப் பார்க்கும். அந்த எடை முழுவதும் பீட்டின் ஒரு சாண் இடத்தில் இறங்கும். பொத்தென்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் ஜாக்கியை இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, இன்னும் சோப்புத் தண்ணீர் ஊற்றி மறுபடி. ஜாக்கி ஏறியிருக்கும்போது ஜீப்புக்கு அடியில் கையோ தலையோ போகக்கூடாது. ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டால் மற்ற இடங்கள் காலால் மிதித்தாலே இறங்கும்.

டயரின் மேல் இன்னொரு வண்டியை ஏற்றிப் பீட்டை உடைப்பது எங்கள் பக்கம் பெரிய வித்தை. சில சமயம் பலிக்கும். பக்கவாட்டு நூல்கள் உள்ளே நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. மூன்று மாதம் கழித்து அந்த இடம் புடைத்துக்கொண்டு வரும். அப்போது டயர்க் கம்பெனியைத் திட்டுவோம். டீசல், கிரீஸ், பழைய இஞ்சின் ஆயில் ஊற்றுவதும் இப்படித்தான். ரப்பர் அவற்றைக் குடித்து ஊதிப்போகும். மாட்டிய பிறகும் வழுவழுப்பு காயாததால், பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின்மேல் நழுவித் திரும்பி டியூபின் மௌத்தை, அதாவது வால்வுக் குழாயை, பிடுங்கிவிடும். சோப்புக்கு நல்ல குணம், வேலை முடிந்ததும் காய்ந்துவிடுவது.

லீவர் போடுவதில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. ரிம்மின் பள்ளம் பெரும்பாலும் நட்டநடுவில் இருக்காது, ஏதாவது ஓர் ஓரத்துக்கு நெருங்கியிருக்கும். எந்த ஓரத்துக்கு நெருக்கமோ அந்தப் பக்கத்தை மேலே வைத்துத்தான் கழற்றவேண்டும், மாட்டவும் வேண்டும். தலைகீழாகப் போட்டுக்கொண்டால் நாள் முழுக்க முயன்றாலும் பீட் பள்ளத்தை எட்டாது. மௌத் இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, எதிர்ப்பக்கத்தை முழங்காலால் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டு, இரண்டு மூன்று விரற்கடையாக நெம்பிப் போகவேண்டும். ஒரு சாண் எடுத்து ஒரே நெம்பில் முடிக்க நினைத்தால் லீவரின் முனை டியூபைக் கடிக்கும்.

கழன்ற பிறகு எல்லாரும் டியூபைத்தான் பார்ப்பார்கள். நான் ரிம்மைப் பார்ப்பேன். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துடைத்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டால் அடுத்த முறை இந்த மல்லுக்கட்டே இருக்காது. டயருக்குள்ளே ஒரு பழந்துணியைச் சுற்றிலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். முள் முனையோ கட்டைச் சிலாம்போ இருந்தால் துணி மாட்டும். விரலால் தேடினால் விரல் மாட்டும். ஒட்டுப்போட்ட டியூபை அதே முள்ளின்மேல் உட்காரவைக்கிறவர்கள் நிறையப் பேர்.

மாட்டும்போது டியூபில் உருவம் வருகிற அளவுக்குக் கொஞ்சம் காற்று, உள்ளே பவுடர். கழற்றும்போது மௌத்தில் ஆரம்பித்தோம், மாட்டும்போது மௌத்தில் முடிக்கவேண்டும். மௌத்தின் தடித்த அடிப்பாகம் அந்த இடத்தில் பீட்டைப் பள்ளத்தில் இறங்கவிடாது என்பதுதான் காரணம். டில்லர் டயராக இருந்தால் பக்கவாட்டில் அம்புக்குறி பார்க்காமல் மாட்டக்கூடாது. பட்டைகள் திரும்பிப்போனால் சேற்றில் பிடிப்பே இருக்காது. காற்று நிரப்பி, விட்டு, மறுபடி நிரப்பினால் டியூபில் மடிப்பு இருந்தால் விரிந்துகொள்ளும். டயரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வார்த்திருப்பார்கள். அந்தக் கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

தெரியாவிட்டால்? இன்னும் கொஞ்சம் அடி, இன்னும் கொஞ்சம் அடி என்று காற்றை ஏற்றிக்கொண்டே போவது உயிரோடு விளையாடுகிற காரியம். என் ஜீப் அளவு டயரில் 40 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், ஒரு பக்கச் சுவரை வெளியே தள்ளும் விசை ஏழு டன்னைத் தாண்டும். டயரின் விட்டத்தையும் ரிம்மின் விட்டத்தையும் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய கணக்கு இது. 40 பி.எஸ்.ஐ.க்குள் உட்காராத டயர் அதற்கு மேலும் உட்காராது. காற்றை விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஆரம்பிக்கவேண்டும். காற்றடிக்கும்போது நீளமான ஹோஸ் வைத்துத் தள்ளி நிற்கவேண்டும். டயருக்கு மேலே குனிந்து பார்க்கிறவர்களைக் கண்டால் நான் கத்திவிடுவேன்.

ஃபோனில் வருகிற வீடியோக்களில் டியூப்லெஸ் டயருக்குள் தீப்பற்றும் ஸ்பிரேயை அடித்து நெருப்பு வைக்கிறார்கள். டப்பென்று டயர் ரிம்மில் உட்கார்ந்துவிடுகிறது. அழுத்தத்தை அளக்க முடியாத ஒரு வெடியை முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வதற்குப் பெயர் சாமர்த்தியம் என்கிறார்கள். அதற்குப் பதிலாக, டயரின் தரை படும் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு கட்டையைச் செருகி முறுக்கினால் பக்கங்கள் பிதுங்கி ரிம்மைத் தொடும். வால்வு பின்னை எடுத்துவிட்டுக் காற்றடித்தால் வேகமாக நிறையும். கொஞ்சம் கயிறு கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

எல்லா டயரையும் வீட்டில் கழற்றலாம் என்று நான் சொல்லவில்லை. லாரியின் ரிங் போட்ட ரிம்மைத் தொடவே கூடாது. அதில் பள்ளம் கிடையாது. பூட்டு வளையம்தான் டயரைப் பிடித்துவைத்திருக்கும். காற்றடிக்கும்போது வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆள் பிழைப்பது கடினம். அமெரிக்காவில் 1980-லேயே இப்படிப்பட்ட ரிம்களுக்குத் தடுப்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். நம் நெடுஞ்சாலைக் கடைகளில் இடுக்கில் லீவரைச் செருகிவிட்டு அடிக்கிறார்கள். இரண்டு பாதியாகச் செய்து போல்ட்டால் சேர்த்த ரிம்களும் உண்டு, இரண்டாம் உலகப்போர் ஜீப்புகளில் இருந்த மாதிரி. காற்று இருக்கும்போது அந்த போல்ட்டுகளைச் சக்கர நட்டு என்று நினைத்துக் கழற்றினால் ரிம்மே இரண்டாகப் பறக்கும். விரிசல் விட்ட ரிம்மை டயரோடு வைத்து வெல்டிங் அடிப்பது இன்னொரு கொடுமை. காற்றை இறக்கிவிட்டோமே என்பார்கள். சூட்டில் ரப்பரிலிருந்து வாயு கிளம்பி, உள்ளேயே தீப்பிடித்து வெடிக்கும். புது வண்டிகளின் அலாய் வீலும் மௌத்தோடு சென்சார் வைத்த சக்கரமும் இயந்திரம் உள்ள கடைக்குப் போகட்டும். அங்கே கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து வரும் என் அண்ணன் மகன் சிரிக்கிறான். "அத்தை, ஆப்பில் கூப்பிட்டா ஆள் வந்துடுவாங்க." வருவார்கள், டவர் கிடைக்கிற இடத்தில். அவன் காருக்கு ஸ்டெப்னியே கிடையாது. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் 3.5 டன் வரைக்குமான பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். நகரத்துக்கு அது சரியாகவே இருக்கலாம். அந்தப் பெட்டியில் இருக்கும் எதுவும் பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது. காபிக் கட்டைக்கு விதித் திருத்தம் தெரியாது.

பாறைமேல் ஏறுகிற மாதிரி விளம்பரம் காட்டி மலைக்கும் காட்டுக்கும் வண்டி விற்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே இரண்டு டயர் லீவரும் வால்வு பின் கழற்றும் சின்னச் சாவியும் வையுங்கள். கையேட்டில் தமிழில், படத்தோடு, பள்ளம் எந்த ஓரத்துக்குப் பக்கம் என்று காட்டி ஒரு பக்கம் போடுங்கள். பாட்டுப் பெட்டியை ஃபோனோடு இணைப்பது எப்படி என்று எழுதியிருக்கிற பக்கங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டால் இடம் கிடைத்துவிடும்.